எத்தனை மணிக்கு எத்துவான்?

திருவனந்தபுரத்திலிருந்து எந்த நகரத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு பென்சிலை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். குமரி மாவட்டத்தில் ஒரு வீடு காத்திருக்கும்போதுதான் சிக்கல்.

2017 பிப்ரவரி. ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணி. தக்கலைக்குப் பக்கத்தில் அத்தை வீடு. மாமா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து வரவழைத்த ஃப்ரீசர் பெட்டி கூடத்து நடுவே ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கலாம்?

பதில் சவூதி அரேபியாவில் இருந்தது. ஒரே மகன் தம்மாமில் வேலை. செய்தி சொல்லியாயிற்று. கிளம்புகிறேன் என்றான், அழுதான், போன் கட்டாகிவிட்டது.

அத்தை என்னைக் கூப்பிட்டார். "மக்களே, நீ படிச்சவனாச்சே. அவன் எப்ப எத்துவான்?"

எத்துவது என்றால் வந்துசேர்வது. மலையாளத்தோடு தோள் உரசிக்கொண்டு வாழும் குமரி மாவட்டத் தமிழ். தமிழ் எம்.ஏ. படித்து, மொழிபெயர்த்துப் பிழைப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. ஆனால் பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தூரம் சுமார் 3,500 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம். ஏற இறங்க அரை மணி. ஆக, பறக்கும் நேரம் ஐந்து மணிக்குள். அங்கே விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் இங்கே காலை 7.30. பகல் பன்னிரண்டரைக்குத் திருவனந்தபுரம். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது ஒரு மணி நேரம். காரில் 50 கி.மீ. மூன்று மணிக்கு வீடு.

"நாளைக்கு சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கலாம்" என்றேன். திண்ணையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த நேரத்தையே ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள்.

அவன் வந்துசேர்ந்தது சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு.

ஒரு நாளுக்கு மேல் பிசகிவிட்டது. பிறகு பலமுறை அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கூட்டல், வகுத்தல் எதிலும் தவறில்லை. தூரமும் சரி, வேகமும் சரி. எது பிசகியது என்று சொல்வதற்கு முன், அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் என்றாவது ஒருநாள் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

சுலபமானதிலிருந்து தொடங்கலாம். திருவனந்தபுரம் விமான நிலையம் வட அட்சரேகை 8 டிகிரி 29 நிமிடத்தில் இருக்கிறது. தில்லி விமான நிலையம் 28 டிகிரி 34 நிமிடத்தில். தீர்க்கரேகையைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம்: ஒன்று 76 டிகிரி 55 நிமிடம், மற்றது 77 டிகிரி 6 நிமிடம். கிட்டத்தட்ட ஒரே கோடு. தேசத்தின் தலைநகரும் தென்கோடியிலுள்ள இந்த மாநிலத் தலைநகரும் ஏறக்குறைய ஒன்றன் நேர்கீழே மற்றொன்று. எனவே கழித்தல் தெரிந்தால் போதும். வித்தியாசம் 20 டிகிரி 5 நிமிடம். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. ஆக 2,230 கி.மீ. விமானிகள் இதைவிடச் சுலபமாகப் போடுவார்கள். அட்சரேகையின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 20 டிகிரி 5 நிமிடம் என்பது 1,205 நிமிடம், அதாவது 1,205 கடல் மைல். கடல் மைல் என்ற அளவே இப்படிப் பிறந்ததுதான்.

இதே இரண்டு ஊர்களை இணைக்கும் கேரளா எக்ஸ்பிரஸ் 3,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. ஆறு, மலை, ஊர், அரசியல் என்று தண்டவாளத்துக்கு வளைய ஆயிரம் காரணங்கள்.

டிகிரிக்கு 111 கி.மீ. என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்த எண்ணை இந்திய மண்ணில் அளந்து சரிபார்க்க ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்தார். அதற்கு மட்டும் 57 நாள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்து, குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை, 78-வது தீர்க்கரேகையை ஒட்டி அளந்துகொண்டே போனார்கள். அவர் கொண்டுபோன கோணமானி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதை உட்கார்ந்து தட்டித் தட்டிச் சரிசெய்தார். 1823-ல், வேலை முடியாமலே வழியில் இறந்துபோனார். ஜார்ஜ் எவரெஸ்ட் 1841-ல் முடித்துவைத்தார். சுமார் 2,400 கி.மீ. நீளக் கோடு அது. அதற்கு ஒரு டிகிரி மேற்கே, அதே திசையில்தான் இன்று தில்லி விமானங்கள் மூன்றேகால் மணி நேரத்தில் போகின்றன.

சாய்வான தூரங்களுக்குக் கழித்தல் உதவாது. ஆங்கிலத்தில் இதற்குக் காக்கை பறக்கும் தூரம் என்று ஒரு வழக்கு உண்டு. மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு இடறும். நம் ஊர்க் காக்கை நேராகப் பறந்து நான் பார்த்ததில்லை. 'நேர்கோட்டுத் தூரம்' என்று எழுதிச் சமாளிப்பேன். அதுவும் சரியில்லை. உருண்டையான பூமியின் மேல் நேர்கோடு எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைத் திருவனந்தபுரத்தில் வைத்து, மறுமுனையை வேண்டிய ஊரில் வைத்து, விறைப்பாக இழுங்கள். நூல் தானாக எந்த வழியைப் பிடிக்கிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அதைப் பெருவட்டம் என்கிறார்கள். பூமியைச் சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு.

நூலுக்குப் பதில் கால்குலேட்டர் இருந்தாலும் சரி. தம்மாம் விமான நிலையம் வட அட்சரேகை 26.5 டிகிரி. திருவனந்தபுரம் 8.5. தீர்க்கரேகை வித்தியாசம் 27.1. முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.066. பிறகு அவற்றின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.788. இரண்டையும் கூட்டினால் 0.854. எந்தக் கோணத்தின் கொசைன் 0.854? 31.4 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வைத்தால் 3,490 கி.மீ. அவ்வளவுதான். பிளஸ் டூ படிக்கிற பையன் போட்டுவிடுவான். இந்த சைன் மதிப்புகளை நுட்பமாகக் கணக்கிட்டு அட்டவணை செய்தவர்களில் ஒருவர் பதினான்காம் நூற்றாண்டில் இதே கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவன்.

இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தால் கைவிட மனம் வராது. திருவனந்தபுரத்திலிருந்து சென்னை 614 கி.மீ. மாலத்தீவின் மாலே 606 கி.மீ. இரண்டும் ஏறக்குறைய சமம். கொழும்பு விமான நிலையமோ 357 கி.மீ.தான். அதாவது இந்த ஊர்க்காரருக்குச் சென்னையைவிட வெளிநாடு பக்கம். பாஸ்போர்ட் வேண்டும் என்பது வேறு விஷயம்.

தூரம் கூடக்கூடச் சுவரில் மாட்டும் தேசப்படம் பொய் சொல்லத் தொடங்கும். பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எப்படிப் போவது? படத்தைப் பார்த்தால் மேற்கே ஐரோப்பா வழி, அல்லது கிழக்கே பசிபிக் வழி என்று தோன்றும். நூலை இழுத்துப் பார்த்தால் அது வடக்கே வட துருவத்தை நோக்கி ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த வழியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஒரு விமானத்தை அனுப்பியது. விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால். பெருவட்டத் தூரம் சுமார் 14,000 கி.மீ. ஏறக்குறைய 17 மணி நேரப் பயணம்.

தூரம் கிடைத்துவிட்டால் நேரம் எப்படி? பயண ஏஜெண்டுகளும் என்னைப் போன்றவர்களும் பயன்படுத்தும் குறுக்குவழி இது: கி.மீ.யை 800-ஆல் வகுத்து, அரை மணி சேர்த்துக்கொள்வது. இன்றைய ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு உருண்டு போகும்போதும், ஏறும்போதும், இறங்க வரிசையில் நிற்கும்போதும் அந்த வேகம் கிடையாது. அந்த அரை மணி இதற்காக. தில்லிக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மணி 47 நிமிடம், கூட அரை மணி. மூன்றேகால் சொச்சம். துபாய் 2,950 கி.மீ.: நான்கு மணி பத்து நிமிடம். சென்னை, மாலே இரண்டும் ஒன்றேகால் மணி. விமான நிறுவனங்களின் கால அட்டவணையோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் இருக்கும். தூரம் குறைவாக இருந்தால் அந்த அரை மணிதான் கணக்கையே விழுங்கும். கொழும்புக்குப் பறக்கிற நேரமும் அதைச் சுற்றியுள்ள சடங்கு நேரமும் சரிசமம்.

வேகம் என்றால் என்ன என்பதைத் திருவனந்தபுரம் 1935-ல் பார்த்தது. அந்த ஆண்டு டாடா ஏர்லைன்ஸின் ஃபாக்ஸ் மாத் என்ற சிறிய விமானம் இங்கே வந்திறங்கியது. விமானி நெவில் வின்சென்ட். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துத் தபால் அதில் வந்தது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம். பம்பாயிலிருந்து இங்கே 1,260 கி.மீ. வகுத்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல், இறங்கி ஏறும் இடங்களைச் சேர்க்காமலே. இன்று இரண்டு மணி நேரம்.  21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1-ம் தேதிதான் கன்னியாகுமரி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. விமான நிலையம் மட்டும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

இனி காற்று. வளைகுடாவுக்குப் போகும்போது ஆகும் நேரமும் திரும்பும்போது ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அடிக்கடி பறப்பவர்கள் கவனித்திருப்பார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் இருக்கிறது. போகும்போது அது முகத்தில் அடிக்கும். வரும்போது முதுகைத் தள்ளும். மழைக்காலத்தில் நடப்பது வேடிக்கையானது. ஜூன் மாதம் சங்குமுகம் கடற்கரையில் நின்றால் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து குடையைப் பிடுங்கும். அதே நேரம் தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். பருவமழைக்கால வானத்தின் இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். அதனால் கீழே மழையில் நனைந்து ஏறும் வளைகுடாப் பயணிக்கு மேலே காற்று சாதகம்.

கடிகாரமும் குழப்பும். டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைனுக்கு இரண்டரை மணி. இங்கே நான்கு மணிக்கு ஏறினால் துபாயில் ஆறே முக்காலுக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். இரண்டே முக்கால் மணி நேரப் பயணம்தான் போலிருக்கிறது என்று நினைத்துப் போகிறவரைத் திரும்பும் டிக்கெட் திகைக்க வைக்கும். போன கணக்குக்கும் வந்த கணக்குக்கும் நடுவே மூன்று மணி நேரம் எங்கேயோ தொலைந்திருக்கும். கடிகாரம் அரசாங்கத்தின் கையில் இருப்பது. இலங்கை 1996-ல் தன் கடிகாரத்தை முன்னால் தள்ளியது. 2006-ல்தான் இந்திய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. சின்னத் தீவில் இரண்டு நேரம்.

இவ்வளவும் தெரிந்தால் கணக்கு முடிந்ததாக நினைப்போம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே ஒரு பழக்கம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், மாலை வேளையில் சில மணி நேரம் விமானங்கள் வருவதும் இல்லை, போவதும் இல்லை. பத்மநாப சுவாமி அன்று ஆறாட்டுக்குப் போகிறார். கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் பழைய பாதையின் குறுக்கேதான் ஓடுபாதை போடப்பட்டிருக்கிறது. பாதை முந்தியது, விமானம் பிந்தியது. எனவே ஓடுபாதையை மூடி, யானையும் வாளேந்திய ராஜ குடும்பத்தினரும் கடந்துபோக வழிவிடுகிறார்கள். விமானிகளுக்கு முன்கூட்டியே முறைப்படி அறிவிப்பு போகிறது. தனியார் கைக்கு 2021-ல் நிர்வாகம் மாறியபிறகும் இது மாறவில்லை. எல்லோருக்கும் தேதி தெரியும் என்பதால் யாருக்கும் புகாரில்லை.

தேதி தெரியாமல் வருபவைதான் கணக்கைக் கெடுக்கும். 2025 ஜூன் 14 இரவு, பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று கடலில் நின்ற தன் தாய்க்கப்பலுக்கு மோசமான வானிலையால் திரும்ப முடியாமல், எரிபொருள் குறைந்த நிலையில் இங்கே இறங்கியது. பிறகு கோளாறு. உலகத்தின் மிக விலையுயர்ந்த விமானங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில் ஐந்து வாரம் நின்றது. ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. கேரளத்தில் அதை வைத்து வராத கேலி இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்கே இந்தக் கதி.

அதே ஜூன் 23 இரவு கத்தாரின் மேல் ஈரான் ஏவுகணைகள் பறந்தபோது, வளைகுடாவில் வான்வெளி மூடப்பட்டு, போய்க்கொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திரும்பின. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் வரும்போது, 2019-ல் ஐந்து மாதத்துக்கு அருகிலும், மீண்டும் 2025 ஏப்ரலில் தொடங்கியும், பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் குஜராத் பக்கம் இறங்கி, கடலைச் சுற்றிக்கொண்டு போயின. திருவனந்தபுரத்து வளைகுடா விமானங்கள் எப்போதும் அரபிக்கடலின் மேல் போகிறவை, அந்தத் தடையால் பெரிய பாதிப்பில்லை. தென்கோடியில் இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு பெரிய சுற்று நடந்திருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து குவைத் 3,800 கி.மீ. 800-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் ஐந்தேகால் மணி நேரம். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தபிறகு அந்த ஐந்தேகால் மணி பல நாட்களாக, சிலருக்கு வாரங்களாக நீண்டது. பஸ்ஸிலும் லாரியிலும் பாலைவனம் கடந்து, ஈராக் வழியாக ஜோர்டானின் அம்மான் போய், கூடாரங்களில் முறைக்குக் காத்திருந்து, அங்கிருந்து 4,100 கி.மீ. பறந்து பம்பாய். பிறகு பம்பாயிலிருந்து ரயில். 59 நாளில் 488 விமானங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏர் இந்தியா அழைத்துவந்தது. அவர்களில் பெரும்பகுதி கேரளத்தவர். குவைத்துக்கும் வீட்டுக்கும் இடையில் தூரம் ஒரு கி.மீ. கூடக் கூடவில்லை.

போர், கொள்ளைநோய் எதுவும் இல்லாத சாதாரண வாரம் ஒன்றில் நடந்ததுதான் அத்தை வீட்டுக் கதை.

அவன் கிளம்ப வேண்டிய விடிகாலை வெள்ளிக்கிழமை. சவூதியில் வாரவிடுமுறை. ஊருக்குப் போய்த் திரும்ப நினைக்கும் தொழிலாளி, வெளியேறி மீண்டும் நுழைவதற்கான அனுமதியைப் பெற வேண்டும். அன்றைய விதிப்படி அதை எடுத்துத் தர வேண்டியவர் முதலாளி. முதலாளி ஊரில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல, விடுமுறைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார் என்று அவன் பிறகு சொன்னான். வெள்ளி இரவு அவர் கிடைத்தார். கம்ப்யூட்டரில் அனுமதி வந்துவிட்டது, அதற்கு ஆன நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இருபது மணி நேரக் காத்திருப்பு. 2021 மார்ச்சிலிருந்து பல தொழிலாளர்கள் இந்த அனுமதியைத் தாங்களே விண்ணப்பித்துப் பெறலாம் என்று சவூதி விதியைத் தளர்த்தியிருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு டிரைவர்கள் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.

அனுமதி வந்தபோது நேரடி விமானத்தில் இடம் இல்லை. இன்னொரு வளைகுடா நகரம் வழியாக டிக்கெட், அங்கே நான்கு மணி நேரம் நாற்காலியில். பெருவட்டம் உடைந்து இரண்டு துண்டாயிற்று. விலையை அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கியது சனி மாலை நான்கேகால். நான் காரோடு காத்திருந்தேன். கையில் ஒரு சின்னப் பை மட்டும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தள்ளும் வண்டியில் அட்டைப்பெட்டிகள் கோபுரமாக இருக்கும். கூட்டத்தில் வெறுங்கையோடு வருகிறவனைப் பார்த்தால் வெளியே நிற்கும் டாக்ஸி டிரைவர்களுக்கே புரிந்துவிடும். வழிவிட்டார்கள்.

அங்கிருந்து 50 கி.மீ. என் தாளில் அதற்கு ஒன்றரை மணி போட்டிருந்தேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். வண்டி நின்று நின்று போனது. வானத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க நாலு நிமிடம் ஆகாது. அவன் பேசவே இல்லை. குழித்துறைப் பாலத்தில் மட்டும் ஒன்று கேட்டான்.

"நேத்து நாலு மணிக்கின்னு சொல்லியிருந்தீங்களாமே?"

"ஆமா" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஊர் கூடியிருந்தது. பந்தல், பூ, சொந்தக்காரர்கள் எல்லாம் தயார். ஐந்து மணிக்குப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போய், பையன் இல்லாமலே முடித்துவிடலாமா, பங்காளி ஒருவர் கொள்ளி வைக்கட்டும், அத்தையிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டேன். அத்தை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி முழுக்க, மறுநாள் பகல் முழுக்க, ரோட்டில் எந்த வண்டியின் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றார். இரண்டு முறை மின்சாரம் போயிற்று. பெட்டிக்காகப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்தோம்.

கார் வாசலில் திரும்பியபோதும் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. 16 நாள் லீவு. காரியம் முடிந்து அவன் கிளம்பும் நாளில் திருவனந்தபுரம் வரை நானே கொண்டுபோய் விட்டேன். இந்த முறை நேரடி விமானம். திரும்பி வந்து அத்தை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்:

"அங்க எப்ப எத்துவான், மக்களே?"

காலண்டரைப் பார்த்தேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவான் அத்தை" என்றேன்.